பிடியரிசி வளர்த்த பெருந்தொண்டு

கடல் கடந்து சென்று பிறர்க்குத் தொண்டு செய்தோரின் பெயர்களைக் கல்லறைகளிலும், பள்ளிக்கூடங்களின் முகப்பிலும், ஆஸ்பத்திரிகளின் வாயிலிலும் காண்கிறோம். அவர்களைக் கப்பலேற்றி அனுப்பி, ஆண்டுதோறும் உணவும் துணியும் மருந்தும் புத்தகமும் கிடைக்கச் செய்தவர்களின் பெயர்களையோ எங்கும் காண்பதில்லை. சென்றவர் ஒருவர் எனின் அனுப்பியவர் ஆயிரவர். சென்றவரின் வரலாறு நூலாயிற்று. அனுப்பியவரின் வரலாறு கணக்குப் புத்தகங்களில் சிறு சிறு தொகைகளாகக் கிடக்கிறது.

கிறிஸ்தவ மிஷனரிகளைப் பற்றி நம்மவரிடையே புகழுரையும் உண்டு, பழியுரையும் உண்டு. அவ்விரண்டையும் சற்று ஒருபுறம் வைத்து, அவர்தம் தொண்டைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நின்ற கைகள் எவை, அக்கைகள் காலப்போக்கில் எவ்வாறு மாறின என்பதை இங்கு ஆராயப் புகுகின்றோம். ஒருவர் எம்மதத்தைத் தழுவ வேண்டும் என்பது இக்கட்டுரையின் பேச்சன்று. பிறர் கையை நோக்கி நின்ற ஒரு சமூகம் தானே கொடுக்கும் நிலைக்கு எவ்வாறு ஏறுகிறது என்பதையே நாம் காண விரும்புகிறோம். தோட்டப்புறத்தில் வாழ்வோர்க்கும் பட்டணத்தில் வாழ்வோர்க்கும் இக்கேள்வி ஒருங்கே உரியது.

தமிழகத்தில் புராட்டஸ்டண்டு மிஷனரிகளின் வரலாறு 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்ப, ஜெர்மானியரான சீகன்பால்குவும் புளூட்சோவும் அங்கு வந்து இறங்கினர். மன்னரே அனுப்பிவிட்டமையால் அவர்க்கு ஒரு குறையும் இராதென எண்ணுதல் வேண்டா. அங்கிருந்த டேனியத் தலைவரே சீகன்பால்குவைச் சில திங்கள் சிறையில் அடைத்தார். அரசன் ஆணை ஒன்று. அவ்வூர் அதிகாரியின் மனம் வேறொன்று.

அந்நிலையில் தொண்டைத் தாங்கியவை கடிதங்களே. தமிழரின் ஊர், உணவு, நூல், வழிபாடு, நோய், பள்ளி ஆகியவற்றைப் பற்றி மிஷனரிகள் எழுதிய செய்திகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் 1710ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து அச்சிட்டு வெளியிட்டனர். தமிழ்நாட்டை ஒருநாளும் காணாத மக்கள் அவற்றைப் படித்துப் பொருளுதவி செய்தனர். அச்சுப்பொறி இலண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தாரிடமிருந்து வந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. சீகன்பால்கு 1719இல், நாற்பது வயதும் நிரம்பாமல், காலமானார். எனினும் பணி நிற்கவில்லை. கடிதங்கள் சென்றுகொண்டிருந்தன, உதவிகள் வந்துகொண்டிருந்தன. தம் பொருள் என்னவாயிற்று எனக் கொடுத்தவர் அறியும்வரை கொடை வற்றுவதில்லை என்னும் உண்மையை இவ்வரலாறு முதற்கண் நமக்குக் காட்டுகிறது.

இனி, ஒரே குடும்பம் நான்கு தலைமுறை தொண்டாற்றிய வரலாற்றைப் பார்ப்போம். நியூயார்க்கு நகரில் ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர் நல்ல வருவாயுடன் வாழ்ந்துவந்தார். நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற வீட்டில் அவர் கைக்கு அகப்பட்ட சிறு பிரசுரம் ஒன்று அவருடைய வாழ்வின் போக்கை மாற்றியது. 1819ஆம் ஆண்டு அவர் மனைவி ஹாரியட்டுடனும் இளங்குழந்தையுடனும் கப்பலேறினார். வழியில் கல்கத்தாவில் அக்குழந்தையை அவர்கள் புதைக்க நேர்ந்தது. பின்னர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவம் செய்தனர். 1836இல் சென்னைக்கு மாறினர். ஹாரியட் 1849இல் சென்னையில் மறைந்தார். ஸ்கடர் 1855இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் மறைந்தார்.

அவர் மகன்மாரில் எழுவரும் மகள்மாரில் இருவரும் இந்தியாவில் மிஷனரிகளாயினர். மகன்மார் மூவர் 1853இல் ஆற்காட்டு மிஷனைத் தொடங்கினர். நான்கு தலைமுறைகளில் அக்குடும்பத்தாருள் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் இத்தொண்டில் ஈடுபட்டனர்.

ஒரு குடும்பம் இவ்வாறு வேர் ஊன்றுதற்கு அதன் அடியில் வேறு பல குடும்பங்கள் மண்ணாக இருந்தன. ஸ்கடர் 1842 முதல் 1846 வரை தாய்நாட்டில் தங்கியிருந்த காலத்தில் பெரிதும் யாரிடம் பேசினார்? சிறுவரிடம் பேசினார். ஊர் ஊராகச் சென்று குழந்தைகளைக் கூட்டி, தமிழ்நாட்டுக் குழந்தைகளின் நிலையை எடுத்துரைத்தார்; அவர்களுக்கெனவே எழுதினார். ஒரு செண்டு காசை உண்டியலில் இட்ட சிறுமி பின்னாளில் தாயானாள். தாயானவள் தன் பிள்ளை கையில் ஒரு காசைக் கொடுத்து உண்டியலில் இடச் செய்தாள். மிஷனரிகள் தலைமுறை தலைமுறையாகத் தோன்றியதைக் கண்டு வியப்போர், கொடுப்போரும் அவ்வாறே தலைமுறை தலைமுறையாகத் தோன்றியதைக் கருதுதல் வேண்டும்.

இக்கொடைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஒரு குழந்தையின் செலவை ஏற்ற அமெரிக்கர் அக்குழந்தைக்குப் பெயரிடும் உரிமை பெற்றிருந்தனர். யாழ்ப்பாணத்துப் புலவர் வரலாற்றைப் புரட்டுவோர் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்களைக் கண்டு திகைப்பதுண்டு. அப்பெயர்கள் அக்காலத்து வழக்கத்தின் சுவடுகள். சோறும் கல்வியும் தந்தவர் பெயரையும் தந்தார். பெற்றவர் அதைச் சுமந்தார். கொடுத்தவரின் நெஞ்சில் அன்பே இருந்ததென ஒப்புக்கொள்ளினும், ஒரு தமிழ்த் தாய் இட்ட பெயர் கடலுக்கப்பால் இருந்து வந்த ஒரு தொகைக்கு இடங்கொடுத்து ஒதுங்கியதை நாம் மறைத்தல் ஆகாது.

ஆனால் பெற்ற கல்வியைக்கொண்டு அவர்கள் செய்தது என்ன என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய உயர்கல்விக் கழகத்தில் பயின்ற விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராகவே வாழ்ந்து, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சேற்றினார். அமெரிக்கக் கிராமத்தார் எதை எண்ணிக் கொடுத்தனரோ, தமிழர் அதனை வேறொரு பயனாக விளைவித்துக்கொண்டனர். விதை கொடுத்தவர் விளைச்சலின் நிறத்தை முடிவு செய்ய இயலாது.

அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிரீன் என்பார் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றினார். அவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, இரண மருத்துவம் முதலியவற்றைத் தமிழ் நூல்களாக்கினார். தம்மிடம் பயின்றோர் மிஷன் சம்பளத்தை நோக்கியிராமல், ஊராரிடையே மருத்துவம் செய்து அதன் வருவாயில் வாழவேண்டுமென்பது அவர் நோக்கம். நீடித்து நிற்கும் தொண்டின் இலக்கணத்தை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்க.

ஸ்கடர் குடும்பத்துக்கு மீள்வோம். முதல் ஸ்கடரின் பேத்தியாகிய ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தைச் சிறுமியாக இருந்தபோதே கண்டார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்ப, அவர் அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டார். மிஷனரி வாழ்வின் செலவைப் பிள்ளைகளும் ஏற்றனர் என்பதை இதனால் அறியலாம். தாம் ஒருபோதும் மிஷனரியாவதில்லை என அவர் உறுதி கொண்டிருந்ததில் வியப்பில்லை.

நோயுற்ற தாயைப் பேணுதற்காகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் பிராமணரல்லாத இந்து. மூவருடைய மனைவியரும் மகப்பேற்றுத் துன்பத்தில் இருந்தனர். மருத்துவரான ஐடாவின் தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை. ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுதல் கூடாது என்றனர். மருத்துவம் கற்றிராத ஐடாவால் உதவ இயலவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மதத்தால் வேறுபட்ட அம்மூவரும் பெண்ணைச் சாகவிடுவதில் ஒத்திருந்தனர்! அந்த இரவே ஐடாவை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது.

1899இல் அவர் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றார். புறப்படுமுன் பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பொருள் திரட்ட முயன்றார். நியூயார்க்கு வங்கியாளர் ராபர்ட் ஷெல் என்பவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். 1900இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் வைத்தியம் தொடங்கியது. 1902இல் 40 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. 1909இல் தாதியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. 1922இல் முதல் வகுப்பைச் சேர்ந்த 14 பெண்கள் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

வங்கியாளர் கொடுத்த பெருந்தொகையின் வரலாறு யாவர்க்கும் தெரியும். அதனினும் பெரிது பெண்கள் திரட்டிய தொகை. 1920களின் தொடக்கத்தில், வேலூர் உட்பட ஆசிய நாடுகளில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் 20 இலட்சம் டாலர் திரட்டினால் மேலும் 10 இலட்சம் தருவதாக ராக்பெல்லர் குடும்பத்து அறநிலையம் ஒன்று அறிவித்தது. பெண்கள் அத்தொகையைத் திரட்டிக் காட்டினர். அப்பணம் கூட்டந்தோறும், வீடுதோறும் சென்று சிறுகச் சிறுகச் சேர்க்கப்பட்டது.

ஆயினும் கொடுத்தவரின் விருப்பமும் பெற்ற இடத்தின் தேவையும் ஒருநாள் மோதிக்கொள்ளத்தான் செய்தன. 1938இல் மருத்துவப் பள்ளிகள் பட்டப்படிப்பு நிலைக்கு உயர வேண்டுமென்ற நிலை சென்னை மாகாணத்தில் ஏற்பட்டது. வேலூரிடம் அதற்குரிய பொருளில்லை. பல மிஷன்கள் ஒன்றுகூடித் தாங்கினாலன்றிக் கல்லூரி பிழைக்காது. அவ்வாறு தாங்கவேண்டுமாயின் ஆடவரையும் சேர்க்கவேண்டும் என்னும் யோசனை எழுந்தது. பெண்களுக்கென்றே ஆண்டுக்கணக்கில் பணம் திரட்டிய அமெரிக்கப் பெண்களில் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் மனக்குறை பொருளற்றதன்று. எழுபது வயதை எட்டிய ஐடா நெடிது எண்ணியபின் கல்லூரியின் உயிரே பெரிதெனக் கொண்டார். 1942இல் பட்டப்படிப்புக்கு வழி பிறந்தது. 1947இல் ஆடவரும் சேர்ந்தனர். அப்பத்தாண்டின் இறுதியிலேயே டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தார். கொடுப்பவர் பணத்தோடு தம் பிடியையும் ஒருநாள் தளர்த்த வேண்டும். அவ்வாறு தளர்த்திய இடத்தில்தான் ஒரு நிலையம் அந்நாட்டுக்கு உரியதாகிறது. ஐடா 1960இல் கொடைக்கானலில் மறைந்தார். வேலூர் நிலையம் அவருக்குப் பின்னும் வளர்ந்தது.

சிங்கப்பூரிலும் இவ்வரலாற்றின் ஒரு கிளை உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த சோபியா பிளாக்மோர் என்னும் மெதடிஸ்டு மிஷனரி 1887இல் அங்கு வந்தார். அவரை அனுப்புதற்குரிய பொருளைத் தருவதாக முன்வந்தவர்கள் அமெரிக்காவில் பனி உறையும் மின்னசோட்டாப் பகுதிப் பெண்கள். அவ்வாண்டே ஷார்ட் வீதியில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளுடன் ஒரு பள்ளி தொடங்கியது. அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி! தம் பெண்மக்களுக்குக் கல்வி வேண்டுமென விரும்பிய தமிழ் வணிகர் சிலர் அதற்குத் துணை நின்றனர். பின்னர் மெதடிஸ்டுப் பெண்கள் பள்ளி எனப் பெயர் பெற்று ஓங்கிய நிலையத்தின் வித்து அதுவே. மின்னசோட்டாப் பெண்களின் பணமும் சிங்கப்பூர்த் தமிழரின் விருப்பமும் சேர்ந்தபோதுதான் அப்பள்ளி உண்டாயிற்று. பெண்ணைப் படிக்க வைப்பதா என்று பலர் தயங்கிய காலத்தில் முன்வந்த அவ்வணிகரை நாம் நினைவிற் கொண்டோமா?

இங்கு ஒன்றை ஒளிக்காமற் கூறவேண்டும். வெளிநாட்டுப் பணத்தால் அச்சுக்கூடம் வந்தது, பள்ளி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. ஆனால் சாதியை ஒழிக்கும் விலையை வெளிநாட்டார் நமக்காகக் கட்டிவிட முடியவில்லை. தரங்கம்பாடித் திருச்சபையிலேயே சாதிக்கு ஓர் இடமாக மக்கள் பிரிந்து அமர்ந்தனர். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டுமெனக் கட்டளை விடுத்தார். தஞ்சை முதலிய இடங்களில் பலர் மதத்தை மாற்றிக்கொண்டிருந்தும், தம் இருக்கையை மாற்ற உடன்படாமல் எதிர்த்து நின்றனர். பத்தாயிரம் டாலரால் ஒரு கட்டடம் எழுப்பலாம். இருவரை ஒரே பாயில் அமர்த்துதற்கு அவ்விருவர் மனமும் செலவாக வேண்டும். அச்செலவு உள்ளூரிலேதான் பிறக்க வேண்டும்.

அது பிறந்த இடங்களுள் ஒன்றைக் கூறி முடிப்போம். அமெரிக்கர் நூறாண்டு அளவும் பொருள் கொட்டிய யாழ்ப்பாணத்தில், 1900ஆம் ஆண்டில் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் தாமே ஒரு சங்கம் கண்டு, தம் பொருளைக்கொண்டு தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்குத் தொண்டர் ஒருவரை அனுப்பினர். பெற்றவர் கொடுக்கத் தொடங்கினர். 1902இல் அங்குச் சென்ற திருநெல்வேலி இளைஞர் ஒருவர் இதனைக் கண்டு நாணினார். யாழ்ப்பாணத்தார் செய்வதை அவரினும் எண்ணிக்கையில் மிக்க திருநெல்வேலியார் ஏன் செய்யவில்லை என்னும் கேள்வி அவரை விடவில்லை. அவரே வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியரே தொண்டர், இந்தியர் பணமே செலவு, இந்தியரே நிர்வாகிகள் என்பது அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியிலிருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதி அவர்கள் தேர்ந்த களமாயிற்று. பணத்துக்கு எங்கே போவது? திருநெல்வேலிச் சபையாரில் பலர் பனையேறியும் வயலில் உழைத்தும் பிழைத்தவர்கள். அவ்வீட்டுப் பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டனர். அவ்வாறு சேர்ந்த அரிசி பணமாக்கப்பட்டது. அன்றாடம் அளந்து உண்ணும் வீட்டில் ஒரு பிடி குறைவது இன்னதென அதனை உண்பவரே அறிவர். அப்பிடியரிசியே தெலுங்கு நாட்டில் பள்ளியாயிற்று; ஆசிரியர் சம்பளமாயிற்று.

1909இல் அசரியாவே தோர்ணக்கல் சென்று தெலுங்கு கற்றுப் பணியாற்றினார். அவரிடம் வந்தோரிற் பெரும்பாலோர் தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். 1912இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராயினார். 1945இல் அவர் மறையும்போது அப்பகுதியின் சபையார் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது.

அதற்கு இடையில், 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில் அவர் பேசினார். மேல்நாட்டார் செய்த ஈகையையும் தியாகத்தையும் அவர் நன்றியுடன் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தியர் வேண்டுவது சமமான நட்பு என்பதையும் அவ்வவையில் அஞ்சாது எடுத்துரைத்தார். அவ்வாறு பேசுதற்கு உரிய தகுதியை அவருக்குத் தந்தது எது? வாங்குகின்ற கை நட்பைக் கேட்டால் அது இரத்தலாகக் கருதப்படும். திருநெல்வேலிப் பெண்களின் கலயங்கள் அவர் பின்னால் நின்றமையால் அவர் சொல் உரிமைக்குரலாயிற்று. தன்மானம் மேடைப்பேச்சினால் மட்டும் வருவதன்று. ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பதினாலும் வரும்.

இவ்வரலாற்றிலிருந்து நம்மவர்க்கு வேண்டுவன சிலவற்றைத் தொகுப்போம். ஒன்று, சிறு தொகை தொடர்ந்து வருதல் வேண்டும். திருவிழா நாளில் நூறு கொடுத்து ஆண்டு முழுதும் மறப்பவரைவிட, திங்கள்தோறும் ஒன்று கொடுப்பவரே ஒரு பள்ளியைத் தாங்குகிறார். இரண்டு, கணக்கும் செய்தியும் கொடுத்தவர்க்கு வந்து சேர்தல் வேண்டும். தரங்கம்பாடிக் கடிதங்கள் செய்த வேலையை நம் சங்கங்களின் செயலாளர்கள் செய்தல் வேண்டும். நிதி எங்கே போயிற்று என்று கேட்பவரைப் பகைவராக எண்ணுதல் தகாது. மூன்று, பிள்ளைகளையும் பெண்களையும் கொடைக்குப் பங்காளிகளாக்குதல் வேண்டும். அவர்கள் புகாத தொண்டு ஒரு தலைமுறையோடு ஓயும். நான்கு, கொடுத்தவர் பெறுபவர்மேல் தம் பெயரை எழுதிவைக்க ஆசைப்படுதல் கூடாது.

மலாயா நாட்டிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் பெற்ற கல்வியில் ஒரு பகுதி தோட்டத்துரை தந்தது. ஒரு பகுதி சர்க்கார் தந்தது. ஒரு பகுதி மிஷனார் தந்தது. பால்மரக் காட்டிலும் துறைமுகத்திலும் சாலையிலும் உழைத்தவர் சேர்த்துத் தந்ததும் சிறிதன்று. பெற்றதை நன்றியுடன் நினைத்தல் நலம். பெற்றோம் என்பதோடு நின்றுவிடுதல் நலமன்று. நம்மினும் எளியவர் எங்கே இருக்கின்றனர், அவர்களிடம் யாரை அனுப்பப் போகிறோம், அவரை எத்தனை ஆண்டு தாங்கப் போகிறோம் என்னும் கேள்விகளை ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த கூட்டத்திலேனும் எடுத்துக்கொள்ளட்டும். அனுப்பத்தக்க இளைஞரும் பெண்களும் நம்மிடையே இலர் என எவரும் கூறார். அவர்களைத் தாங்கும் கலயம் நம் வீடுகளில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.